வலிக்கிற எடம் ஒண்ணு, கோளாறு இருக்குற எடம் வேற: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட்டுங்க. பொள்ளாச்சியில இருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்தா கொழிஞ்சாம்பாறை, அந்தப் பக்கந்தான் வேலை. வர்றவங்க பாதி தமிழ் பாதி மலையாளம், ஒருத்தர் வலிக்குதும்பார், ஒருத்தர் வேதனைம்பார், இன்னொருத்தர் தரிப்புன்னு (மரத்துப்போறதுக்கு மலையாளம்) சொல்லிட்டு காலை நீட்டுவார், ஆனா எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: "வலி இங்க இருக்கு, நீங்க ஏன் அங்க போய் அமுக்குறீங்க?" அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா மூளை எடத்தை எப்படி கண்டுபிடிக்குதுங்கிறதுல இருந்து ஆரம்பிக்கணும், பெட்ல படுத்திருக்கவங்ககிட்ட அவ்வளவு நேரம் பேச முடியாது, அதான் இங்க எழுதிட்டேன்.

விரல்ல முள்ளு குத்துனா அது விரல்லதான் குத்துச்சுன்னு மூளைக்கு யாரு சொல்றாங்க?

யாரும் சொல்றதில்லீங்க, அதுதான் விஷயமே. நரம்புல ஓடுறது வெறும் மின் துடிப்பு. நான் வலது ஆள்காட்டி விரல்ல இருந்து வர்றேன்னு அதுல அட்ரஸ் எல்லாம் எழுதியிருக்காது, விரல்ல இருந்து வர்ற துடிப்பும் குதிகால்ல இருந்து வர்ற துடிப்பும் ஒரே சாதிதான். எந்த லைன்ல வந்துச்சுங்கிறத வச்சுத்தான் மூளை எடத்தை முடிவு பண்ணுது. பெரிய வீட்டுல முன்கேட்டுக்கு ஒரு காலிங் பெல், கொல்லைப்பக்கத்துக்கு ஒண்ணுன்னு இருக்குதுன்னு வைங்க. முன்கேட்டு வயரை நடு ஹால்ல எலி கடிச்சு ரெண்டு கம்பியும் ஒட்டிக்கிச்சுன்னா பெல் அடிக்கும், எல்லாரும் முன்கேட்டுக்குத்தான் ஓடுவாங்க, ஹாலை ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இந்த வயர் கதைய ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ பாதி கேள்விக்கு இதுதான் பதில்.

அந்த லைன் எங்க போய் முடியுதுன்னா, தண்டுவடம் வழியா மேல ஏறி, நடுவுல எதிர்ப்பக்கம் தாண்டி, தலாமஸ்னு ஒரு ஜங்ஷன்ல மாறி, மூளையோட மேல்பட்டையில காதுக்கு மேல இருந்து உச்சி வரைக்கும் ஓடுற ஒரு வரிசைக்குப் போகுது. வலது கை இடது மூளைக்கு, இடது கை வலது மூளைக்கு. அந்த வரிசையில மொத்த உடம்பும் ஒரு மேப் மாதிரி படுத்திருக்கு, உச்சிப் பக்கம் கால், அப்புறம் உடம்பு, அப்புறம் கை, அதுக்குப் பக்கத்துல மூஞ்சி. இதை 1930-கள்ல கனடாவுல மாண்ட்ரியல்ல வைல்டர் பென்ஃபீல்டுன்னு ஒரு சர்ஜன் கண்டு எழுதினார். வலிப்பு நோய்க்கு ஆபரேஷன் பண்றப்போ பேஷண்ட்டை முழிச்சிருக்க வச்சே பண்ணுவார், ஏன்னா மூளைக்குன்னு தனியா வலி கிடையாது, மண்டைத்தோலை மரக்க வச்சா போதும். மூளை மேல லேசா கரண்ட் வச்சா பேஷண்ட் 'கட்டைவிரல் சிலுசிலுங்குது'ம்பார், கொஞ்சம் தள்ளி வச்சா 'உதடு'ம்பார். அவர் விரலை யாரும் தொட்டதே இல்லை.

முழங்கை கதவுல இடிச்சா சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்குதே?

வயர் கதைதான். முழங்கைக்கு உள்பக்கம் எலும்பு மேல ஒட்டினாப்ல அல்நார் நரம்பு போகுது, மேல சதை எதுவும் மூடியிருக்காது. அது சுண்டுவிரலுக்கும் மோதிரவிரல்ல பாதிக்குமான லைன். நடுவுல எங்க தட்டினாலும் மூளைக்கு அது சுண்டுவிரல் செய்திதான். கண்ணை மூடிட்டு கண்ணோரத்துல லேசா அமுக்கிப் பாருங்க, எதிர்ப்பக்கம் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும், அமுக்கினது விரல், தெரிஞ்சது வெளிச்சம், ஏன்னா கண்ணுல இருந்து வர்ற லைனுக்கு வெளிச்சத்தைத் தவிர வேற பாஷை தெரியாது. ஜெர்மனியில யோஹனெஸ் ம்யூல்லர் 1830-கள்லயே இதை ஒரு விதியா எழுதி வச்சுட்டார்.

எல்லா எடத்தையும் மூளை ஒரே அளவு கரெக்டா சொல்லுமா?

இல்லவே இல்லை. முதுகுல அரிப்பெடுத்து வீட்டுக்காரம்மாவை சொறியச் சொல்லிப் பாருங்க, "இன்னும் கொஞ்சம் மேல, அட வலது பக்கம், அங்கில்ல"ன்னு ஒரு பஞ்சாயத்தே நடக்கும். சொறியிறவங்க தப்பில்லை, உங்க மூளைக்கே அது எங்கன்னு தெளிவா தெரியாது. ரெண்டு முனைய பக்கத்துப் பக்கத்துல வச்சு அமுக்கினா விரல் நுனியில 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே ரெண்டுன்னு தெரிஞ்சுரும், முதுகுல அதுக்கு சுமார் 4 சென்டிமீட்டர் வேணும். 1834-ல வெபர்ங்கிற ஜெர்மன்காரர் இதை உடம்பு முழுக்க அளந்து வச்சார். காரணம் சிம்பிள், விரலுக்கும் உதட்டுக்கும் லைன் ஜாஸ்தி, மூளை மேப்புலயும் நிலம் ஜாஸ்தி, முதுகுக்கு ரெண்டும் கம்மி.

நெஞ்சுல கோளாறுன்னா கையும் தாடையும் ஏன் வலிக்குது?

இதை முழுசா படிங்க, மத்ததை விட்டாலும் பரவால்ல.

இதயம் மாதிரி உள் உறுப்புக்கெல்லாம் தனி லைன் ரொம்பக் கம்மி. இதயத்துல இருந்து வர்ற வலி நரம்புங்க நெஞ்சு மட்டத்துல மேல்பக்கம் இருக்குற நாலஞ்சு தண்டுவடக் கட்டத்துக்குள்ள (தண்டுவடத்தை மேல இருந்து கீழ வரிசையா பிரிச்சா ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டம்) நுழையுது, அதே கட்டத்துக்குள்ளதான் நெஞ்சுத் தோலும் கையோட உள்பக்கத் தோலும் நுழையுது, உள்ள இருக்குற ஒரே நரம்பு செல்லுல ரெண்டு பக்கத்து செய்தியும் வந்து விழுது. மூளை என்ன பண்ணும்? அம்பது வருஷமா அந்த லைன்ல வந்ததெல்லாம் கைச் செய்திதான், இடிச்சது, கீறுனது, கொசு கடிச்சது. இதயம் அது வரைக்கும் வாயே தொறந்ததில்லை. அதனால கைன்னே முடிவு பண்ணிடுது. தாடை, கழுத்து, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல, மேல் வயிறு, இங்கெல்லாம் தெரியுறதும் இதே மாதிரி லைன் கலக்குறதாலதான்.

எங்க பக்கம் என்ன நடக்கும்னா, கை வலின்னு ஆயுர்வேதக் குழம்புத் தைலம் தேய்ப்பாங்க, மேல் வயிறுன்னா கேஸ்னு சொல்லி இஞ்சிச் சாறு குடிப்பாங்க. கையைத் தூக்குறப்போ திருப்புறப்போ கூடுற வலி பெரும்பாலும் சதை, மூட்டு சம்பந்தப்பட்டது, என் டிபார்ட்மெண்ட். நடந்தா மாடி ஏறினா வந்து உக்காந்தா குறையுற வலி, வேர்த்துக் கொட்டுறது, மூச்சு வாங்குறது, எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால காட்ட முடியாம உள்ளங்கையை நெஞ்சு மேல வச்சுக் காட்டுறது, இதெல்லாம் என்கிட்ட வர வேண்டிய கேஸே இல்லை, 108-க்கு அடிங்க, செக்போஸ்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே நம்பர்தான். சுகர் இருக்குறவங்களுக்கும் நிறைய பொம்பளைங்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாம வெறும் அசதி, குமட்டல், மூச்சுத்திணறல்னு மட்டும் வரலாம். ஈசிஜி எடுக்கறது அஞ்சு நிமிஷ வேலை, வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டுல உக்காராதீங்க.

லேப்ராஸ்கோப்பி வயித்துல பண்ணாங்க, தோள்பட்டை வலிக்குது, டேபிள்ல கையை முறுக்கிட்டாங்களோ?

முறுக்கலைங்க. லேப்ராஸ்கோப்பின்னா சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன், அதுக்கு வயித்தை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு அடைப்பாங்க, மிச்சம் இருக்குற கேஸ் மேல போய் உதரவிதானத்தை உறுத்தும். அந்த விதானம் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருந்தாலும் அதுக்கு லைன் வர்றது கழுத்துல இருந்து, ஏன்னா கருவுல அது கழுத்துப் பக்கம் உருவாகி அப்புறந்தான் கீழ எறங்குது, நரம்பையும் கூடவே இழுத்துட்டு வந்துடுது. கழுத்துல அதே கட்டம்தான் தோள் நுனிக்கும். ரெண்டு மூணு நாள்ல கேஸ் கரைஞ்சா வலியும் போயிரும். பித்தப்பைக் கல்லுக்கு வலது தோள் வலிக்கிறதுலயும் இதே சங்கதி உண்டு.

குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீக்கம் இன்னும் வேடிக்கை. மொதல்ல தொப்புளைச் சுத்தி எங்கயோ வலிக்கும், ஏன்னா அப்ப குடல் மட்டுந்தான் பேசுது, அதோட லைன் தொப்புள் மட்டத்துக் கட்டத்துல சேருது. வீக்கம் பெரிசாகி வயித்துச் சுவரோட உள் சவ்வைத் தொட்டதும் அந்தச் சவ்வுக்கு நல்ல லைன் இருக்குறதால வலி நகர்ந்து வலது கீழ்ப்பக்கம் கரெக்டா போய் உக்காரும். வலி எடம் மாறிடுச்சு, அப்ப சரியாகுதுன்னு நெனச்சுக்கிறவங்க இருக்காங்க. நேர் எதிர்.

பல் வலிக்குது, ஆனா மேல் பல்லா கீழ் பல்லான்னே தெரியல

சகஜம். ரெண்டும் ஒரே பெரிய நரம்போட கிளைங்க, உள்ள போய் கலந்துருது. டாக்டர் ஒவ்வொரு பல்லா தட்டிப் பாக்குறது அதுக்குத்தான். ஐஸ்கிரீமை அவசரமா முழுங்கினா நெத்தி விண்ணுன்னு தெறிக்குதே அதுவும் இந்த நரம்பு கேஸ்தான், ஜில்லுனு பட்டது அண்ணத்துல, வலி நெத்தியில.

இடுப்புல டிஸ்க்குன்னு சொல்றீங்க, எனக்கு இடுப்பே வலிக்கல, கால் கட்டைவிரல்தான் மரத்துப் போகுது

வர்றவங்கள்ல பாதிப் பேர் இதுதாங்க. கால் பெருவிரலுக்கான வயர் முதுகெலும்புல அஞ்சாவது இடுப்புக் கட்டத்துல இருந்து கெளம்புது, அங்க எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் பிதுங்கி அமுக்கினா பெல் பெருவிரல்ல அடிக்கும். கெண்டைக்கால் வெளிப்பக்கம், பாதத்தோட மேல்பக்கம், பெருவிரல்னு வரிசையா வந்தா அந்த அஞ்சாவது கட்டம். கெண்டைக்கால் பின்பக்கம், பாதத்தோட வெளி ஓரம், சுண்டுவிரல்னு வந்தா அதுக்கு அடுத்த கட்டம். நான் ஒரு பஞ்சை வச்சு உங்க காலைத் தடவி "இங்க தெரியுதா, இங்க எப்படி"ன்னு கேக்குறது, குதிகாலுக்கு மேல சின்ன சுத்தியால தட்டறது, பெருவிரலை மேல தூக்கச் சொல்லி நான் கீழ அமுக்கறது எல்லாம் எந்த வயர்னு கண்டுபிடிக்கத்தான். விரல்ல எவ்வளவு தைலம் தேய்ச்சாலும் நடு ஹால்ல ஒட்டிக்கிட்ட கம்பி பிரியாது.

ஆனா ஒண்ணு, எம்ஆர்ஐ-ல டிஸ்க் பிதுங்கி இருக்குன்னு வந்தாலே அதான் காரணம்னு இல்லை, வலியே இல்லாத ஆளுங்களை ஸ்கேன் பண்ணினாலும் நிறைய பேருக்குப் பிதுக்கம் தெரியும். வலி போற ரூட்டும் ஸ்கேன்ல தெரியுற கட்டமும் பொருந்தணும். பொருந்துனாலும் ஆபரேஷனுக்கு ஓட வேணாம், பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துலயோ மாசத்துலயோ தானா அடங்கிரும். ஒண்ணுக்கு வர்றதே தெரியல, தொடை இடுக்குல உக்கார்ற எடம் மரத்துப் போச்சு, கால் தொங்குதுன்னா மட்டும் அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

அக்கி ஏன் ஒரே பக்கம் பெல்ட் மாதிரி வருது?

சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ் தண்டுவடத்துக்குப் பக்கத்துல ஒரு நரம்பு முடிச்சுல தூங்கிட்டு இருக்கும், வயசாகி உடம்பு தளர்றப்போ முழிச்சு அந்த ஒரு லைன் வழியா தோலுக்கு வரும். அதனால அந்த லைனோட பட்டை மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாது. கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே எரிச்சல் ஆரம்பிக்கும், அப்ப விலாவுல சதை பிடிப்புன்னு நெனச்சு என்கிட்ட வந்துருவாங்க. காவியில அக்கி எழுதிக்கிறதை நான் கிண்டல் பண்ண மாட்டேன், எழுதிக்கோங்க, ஆனா கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா நல்லது, அதை விட்டுராதீங்க. கண் பக்கம் வந்தா காத்திருக்கவே கூடாது.

அப்பாவுக்கு சுகர்ல காலை எடுத்தாச்சு, இல்லாத காலுல விரல் அரிக்குதுங்கிறார். மனசு பாதிச்சிருச்சோ?

மனசுக்கு ஒண்ணும் இல்லீங்க. கால் எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்தக் கால் இன்னும் இருக்குற மாதிரிதான் இருக்கும், சிலருக்கு வலியும் சேர்ந்து வரும். இதுக்கு இங்கிலீஷ்ல ஃபாண்டம் லிம்ப்னு 1871-ல பேர் வச்சவர் சைலஸ் வீர் மிட்செல், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கை கால் இழந்த சோல்ஜர்களைப் பாத்த டாக்டர்.

கால் போச்சு, ஆனா அதோட லைன் இருக்கு, மூளையில அதோட மேப்பும் இருக்கு. வெட்டுன எடத்துல நரம்பு நுனி சுருண்டு முடிச்சாகி தானா துடிப்பு அனுப்பும், மூளைக்கு அது பழைய விரல் செய்தி. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மூளைக்குள்ளேயே. சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச நம்ம தமிழ்நாட்டுக்காரர் வி.எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவுல 1990-கள்ல கை எடுத்த ஒருத்தர் கண்ணைக் கட்டிட்டு கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால தொட்டார், அவர் கன்னத்துலயும் தெரியுது, போன கையோட விரல்லயும் தெரியுதுன்னார். மேப்புல கைக்குப் பக்கத்து வீடு மூஞ்சின்னு மேல சொன்னேன்ல, கை காலியானதும் மூஞ்சி லைன் அங்க நுழைஞ்சிருக்குங்கிறது அவர் விளக்கம். அப்புறம் வந்த சிலர், இல்லை, கையோட மேப் அப்படியே கலையாம இருக்கு, யாரும் நுழையலைன்னு ஸ்கேன் எடுத்துக் காட்டுறாங்க, சண்டை இன்னும் ஓடுது. என் தலையைக் கேட்டா ரெண்டாவது கட்சிப் பக்கம் சாயும், பத்து வருஷம் முன்னாடி எடுத்த காலோட ஒவ்வொரு விரலையும் தனித்தனியா 'அசைக்கிற' ஆளுங்களைப் பாத்திருக்கேன்.

ராமச்சந்திரனோட கண்ணாடிப் பெட்டி நம்ம வேலைக்கு உதவுது. நல்ல காலுக்கும் எடுத்த காலுக்கும் நடுவுல ஒரு நிலைக்கண்ணாடியை நிக்க வச்சு, அப்பாவை நல்ல கால் பக்கம் குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க, கண்ணாடிக்குள்ள ரெண்டு காலும் இருக்குற மாதிரி தெரியும், நல்ல கால் விரலை மெதுவா மடக்கி நீட்டினா போன கால் விரலும் மடங்கி நீட்டுற மாதிரி இருக்கும். இறுகிப் பிடிச்ச மாதிரி வலி இருக்கவங்களுக்கு சில பேருக்கு தளர்ந்து குடுக்கும். எல்லாருக்கும் இல்லை, பொய் சொல்லி ஆசை காட்ட மாட்டேன், ஆனா கண்ணாடி செலவு பெரிசில்லை, தினம் பத்து பதினஞ்சு நிமிஷம் செஞ்சு பாருங்க. கூடவே மிச்சக் காலை துணியால தேய்ச்சு பழக்குறது, டாக்டர் மாத்திரை, இதெல்லாம் சேரணும். முக்கியமா அவர் அரிக்குதுன்னா 'அங்க காலே இல்லையேப்பா'ன்னு வாதாடாதீங்க. அரிக்கிறது நெஜம்.

தொரட்டியில மாங்கா பறிக்கிறப்போ காம்பு மாட்டுறது கம்பு நுனியில தெரியுது, கம்புக்கு நரம்பே இல்லையே?

இந்தக் கேள்வி கேட்ட முதலமடைக்காரருக்கு ஒரு கும்பிடு, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். அங்க தோப்புல பறிக்கிறவங்களைப் பாருங்க, பதினஞ்சு இருபது அடி கம்பு, நுனியில கொக்கியும் கத்தியும், கீழ ஒரு வலைப் பை, மேல இலை அடர்ந்து கெடக்கும், காய் பாதி தெரியாது. கம்பை உள்ள விட்டு லேசா ஆட்டுவாங்க, இலையில உரசினா ஒரு மாதிரி, கொப்புல தட்டினா ஒரு மாதிரி, காம்பு கொக்கிக்குள்ள விழுந்தா ஒரு சின்ன இழுப்பு, உடனே ஒரு சுண்டு சுண்டுவாங்க, காய் வலைக்குள்ள. கேட்டா 'நுனியில தெரியும்'பாங்க, 'உள்ளங்கையில தெரியும்'னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஆனா நரம்பு இருக்குறது உள்ளங்கையிலதான்.

கம்பு எங்க தட்டுப்பட்டாலும் அது முழுக்க அதிரும், தட்டுன எடத்தைப் பொறுத்து அதிர்வு வேற மாதிரி இருக்கும். உள்ளங்கையில அதிர்வைப் பிடிக்கிற ஸ்பெஷல் நரம்பு முனைங்க இருக்கு, மூளை அந்த அதிர்வுல இருந்து எடத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்குது. பிரான்ஸ்ல லியோன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2018-ல ஆளுங்க கையில குச்சியக் குடுத்து, கண்ணை மறைச்சு, குச்சியில எங்க தட்டுனாங்கன்னு கேட்டாங்க, பெரிய ட்ரெயினிங் எதுவும் இல்லாமலே நல்லா கரெக்டா சொன்னாங்க. ஜப்பான்ல 1996-ல அட்சுஷி இரிகி குழு குரங்குங்களுக்கு வாரியல் கம்பால தீனியை இழுக்கப் பழக்கினாங்க, கொஞ்ச நேரம் இழுத்ததும், கைக்குப் பக்கத்துல இருக்கறதுக்கு மட்டும் வேலை செஞ்ச மூளை செல்லுங்க கம்பு நீளம் வரைக்கும் வேலை செய்ய ஆரம்பிச்சுது. கண்ணு தெரியாதவங்க கைத்தடி நுனியில தரையைத் 'தொடுறதும்', நீங்க வண்டி ஓட்டுறப்போ சக்கரத்துக்கு அடியில கல்லு ஏறினதை சக்கரத்துலயே உணர்றதும் இதுதான். மூளைக்கு உடம்புங்கிறது தோலோட முடியுற சமாச்சாரம் இல்லை.

சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு எப்படி தெரியுது?

தொடு உணர்ச்சிக்காவது மேப் இருக்கு, காதுக்கு அதுவும் இல்லை. காதுக்குள்ள இருக்கற வரிசை ஸ்ருதி வாரியா அடுக்கினது, எடம் வாரியா இல்லை. அதனால எடத்தை சுத்தமா கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும், ரெண்டு காது இருக்குறது அதுக்குத்தான். வலது பக்கம் ஹாரன் அடிச்சா சத்தம் வலது காதுக்கு மொதல்ல வரும், இடது காதுக்கு ஒரு துளி லேட். எவ்வளவு லேட்? முழுசா ஒரு பக்கம் இருந்தாலே ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.6, 0.7 மில்லி செகண்ட். சத்தம் நேர் எதிர்ல இருந்து கொஞ்சமே நகர்ந்தா வித்தியாசம் இன்னும் சுருங்கி ஒரு செகண்டை லட்சமா பிரிச்சதுல ஒரு பங்கு அளவுக்கு வந்துரும், அதையும் மூளைத்தண்டுல இருக்கற ஒரு சின்ன நரம்பு செல் கூட்டம் கண்டுபிடிச்சிருது. நாம டீ கிளாஸை கீழ வைக்கிற நேரத்துல இது எத்தனை கணக்கு போட்டிருக்கும்னு யோசிங்க. கீச்சுக்குரல் சத்தத்துக்கு இன்னொரு வழி, தலை மறைக்கிறதால தூரத்துக் காதுல சத்தம் கம்மியா கேக்கும், அந்த வித்தியாசம். ரெண்டையும் சேர்த்து 1907-ல சொன்னது லார்டு ராலேங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி.

ஆனா நேர் முன்னாடி வர்ற சத்தத்துக்கும் நேர் பின்னாடி வர்ற சத்தத்துக்கும் ரெண்டு காதுலயும் வித்தியாசம் பூஜ்யம். அங்க காது மடலோட மடிப்பு உதவுது, எந்த உயரத்துல எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அதுக்கேத்த மாதிரி சத்தத்துல இருக்குற ஸ்ருதிக் கலவையை மாத்தி அனுப்பும், அவங்கவங்க மடலை அவங்கவங்க மூளை படிச்சு வச்சிருக்கும். நெதர்லாந்துல 1998-ல சில பேர் காது மடல்ல அச்சு வச்சு வடிவத்தை மாத்தினாங்க, மேல கீழங்கிற உணர்வே குழம்பிப் போச்சு, சில வாரத்துல புதுக் காதைப் படிச்சுக்கிட்டாங்க, அச்சை எடுத்ததும் பழைய காதும் மறக்கலை. அப்புறமும் சந்தேகம்னா நாம எல்லாரும் பண்றதுதான், தலையை லேசா திருப்பறது. ஹெல்மெட் போட்டு வாளையார் ரோட்டுல போறப்போ லாரி முன்னாடியா பின்னாடியான்னு குழம்புறது மடல் மூடிக்கிறதால, கண்ணாடியைப் பாருங்க, காதை நம்பாதீங்க.

ராத்திரி வீட்டுக்குள்ள சில்வண்டு கத்தினா கண்டுபிடிக்கவே முடியாம தேடுறோமே, அது உங்க காது குத்தமில்லை. ஒரே ஒரு கீச்சு ஸ்ருதியில கத்தற சத்தத்துக்கு நேர வித்தியாசக் கணக்கு சரியா வராது, மடல் கணக்குக்கு பலவித ஸ்ருதி வேணும், அதுவும் கெடைக்காது, சுவர்ல பட்டு எதிரொலி வேற. பீரோவை நகர்த்தறதை விட்டுட்டுத் தூங்குங்க.

தோல்பாவைக்கூத்துல பொம்மையே பேசுற மாதிரி இருக்கே?

பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடத்துல வெள்ளைத் திரைக்குப் பின்னாடி 21 விளக்கு வரிசையா வச்சு கம்பராமாயணத்தைத்தான் ஆட்டுறாங்க, நம்ம ஆளுங்களுக்கு அது தனி சந்தோஷம். பேசுறவர் திரைக்குப் பின்னாடி எங்கயோ உக்காந்திருக்கார், ஆனா கை ஆட்டுற ராவணன் வாயில இருந்துதான் குரல் வர்ற மாதிரி இருக்கும். எடம் கண்டுபிடிக்கிறதுல கண்ணு காதை விடத் துல்லியம், ரெண்டும் வேற வேற சொன்னா மூளை கண்ணு சொல்றதை எடுத்துக்கும். சினிமா தியேட்டர்ல ஸ்பீக்கர் ஓரத்துல இருந்தாலும் ஹீரோ வாயில இருந்து டயலாக் வர்றதும் இதான். எப்பவும் கண்ணுதான் ஜெயிக்கும்னும் இல்லை, 2004-ல அலைஸ், பர்னு ரெண்டு பேர் படத்தை ரொம்ப மங்கலாக்கிக் காட்டினாங்க, அப்ப காது ஜெயிச்சுது. யார் சாட்சி தெளிவா இருக்கோ அவங்க பக்கம் தீர்ப்பு.

இடவப்பாதி (ஜூன்ல ஆரம்பிக்கிற) மழையில துணி காஞ்சுதா இல்லையான்னு தொட்டுப் பாத்தே சொல்ல முடியல

ஏன்னா ஈரத்தைக் கண்டுபிடிக்க மனுஷத் தோல்ல தனி நரம்பு முனையே கிடையாது! ஜில்லுனு இருக்கு, ஒட்டுது வழுக்குது, ரெண்டையும் சேர்த்து 'ஈரம்'னு மூளை ஊகிக்குது. மழைக்காலத்துல காஞ்ச துணியே ஜில்லுனு இருக்கும், அப்ப ஈரம்னு தோணும். மெல்லிசு ரப்பர் கையுறை போட்டு குளிர்ந்த தண்ணியில கையை விட்டா சொட்டுகூட உள்ள வராமலே கை நனைஞ்ச மாதிரி இருக்கும். துணியை கன்னத்துல வைக்காம இஸ்திரிப் பெட்டி வச்சுப் பாருங்க, ஆவி வந்தா ஈரம்.

ஜலதோஷம் புடிச்சா நாக்குக்கு ருசி போகுதே?

நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி சிலதுதான் தெரியும், அது ஜலதோஷத்துலயும் தெரியும். மத்த ருசியெல்லாம் தொண்டை வழியா மேல ஏறி மூக்குல தெரியுற வாசனை, சோறு வாயில இருக்குறதால மூளை அந்த வாசனையையும் வாயிலயே கொண்டு போய் வச்சிருது.

ஃபோன் அடிக்கவே இல்ல, பாக்கெட்ல அதிர்ந்த மாதிரி இருக்கு. நரம்புத் தளர்ச்சியா?

இல்லை. எதிர்பார்த்துக்கிட்டே இருக்கீங்க, துணி உரசினாக்கூட மூளை 'ஃபோன்'னு தீர்ப்பு எழுதிருது. ஃபோனை வேற பாக்கெட்டுக்கு மாத்துங்க. ஒரே எடத்துல தொடர்ந்து மரப்பு, எரிச்சல்னா அது வேற, வந்து காட்டுங்க.

பசங்களோட வீட்டுல செஞ்சு பாக்க ஏதாவது?

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா போட்டு, கண்ணை மூடி, நடுவுல ஒரு பட்டாணியை உருட்டச் சொல்லுங்க. ரெண்டு பட்டாணி இருக்கும்பாங்க. அரிஸ்டாட்டில் காலத்துல இருந்தே தெரிஞ்ச வித்தை. அந்த ரெண்டு விரலோட வெளிப்பக்கமும் ஒரே நேரத்துல ஒரே பொருளைத் தொடுறது வழக்கத்துல நடக்கவே நடக்காது, அதனால மூளை ரெண்டு பொருள்னு முடிவு பண்ணுது. மூக்கு நுனியிலயும் இதே மாதிரி தேய்ச்சுப் பாக்கலாம், ரெண்டு மூக்கு வரும், பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

இன்னொண்ணு, கொண்டை ஊசியை வளைச்சு ரெண்டு முனையும் பக்கத்துல வர்ற மாதிரி வச்சு விரல் நுனி, உள்ளங்கை, முன்கை, முதுகுன்னு தொட்டு 'ஒண்ணா ரெண்டா'ன்னு கேளுங்க, ரெண்டு முனையும் ஒரே நேரத்துல படணும், இல்லன்னா ஏமாத்திருவாங்க. முனையில ரப்பர் மூடி இருக்கற ஊசியா எடுங்க, சுகர் இருக்கற பெரியவங்க பாதத்துல மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், குத்துனாலும் அவங்களுக்குத் தெரியாது.

ஒருத்தரை நடு ரூம்ல கண்ணைக் கட்டி உக்கார வச்சு, தலையை ஆட்டாம, நேர் முன்னாடி ஒரு தடவை, நேர் பின்னாடி ஒரு தடவை ரெண்டு கரண்டியைத் தட்டுங்க. எத்தனை தப்புன்னு எண்ணிட்டு, தலையை ஆட்டலாம்னு சொல்லி மறுபடி தட்டுங்க.